எந்த ஓரம்?

எங்கள் தெருவுக்கு ஓரம் என்று ஒன்று உண்டு என்பதைத் தண்டோராக்காரன் வந்து சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அதுவரை தெரு என்றால் எங்களுக்கு அதன் நடுதான். நடுவில்தான் நடப்போம், நடுவில்தான் உட்காருவோம், கல்யாணப் பந்தல் போடுவதும் சாவுக்கு அழுவதும் நடுவில்தான். இரண்டு பக்கமும் வீட்டுச் சுவரை ஒட்டிச் சாக்கடை ஓடியது. அதைச் சாக்கடை என்று சொல்வோமே தவிர, ஓரம் என்று மரியாதையாக யாரும் கூப்பிட்டதில்லை.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றுக்குப் போகிற வழியில் இருந்தது அந்தத் தெரு. ஒரு முனையில் புளியமரம், அதைத் தாண்டினால் மதராஸ் போகும் பெரிய சாலை. மறுமுனையில் தோல் கிடங்கு. தெருவிலிருந்த ஆண்கள் கிடங்குக்குள்ளே ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் போடுவதும் எடுப்பதுமாக இருப்பார்கள். பெண்களுக்கு வெளியே வேலை. தோலைப் பதனிடக் கடுக்காய் வேண்டும். மூட்டையாக வரும் கடுக்காயைக் கல்லால் உடைத்து, கொட்டையை எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கோணியில் பரப்பிக் காயவைத்துக் கிடங்குக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் கூரை தாழ்ந்து இறங்கியிருந்ததால் வெயில் தெருவின் நடுவில் மட்டும்தான் விழும். ஆகவே கோணிகளும் நடுவில் கிடக்கும். கோணிகளுக்கு இடையே நாங்களும் ஆடும் கோழியும். மாட்டுவண்டி வந்தால் வண்டிக்காரன் இறங்கி நின்று, நாங்கள் கோணியை நகர்த்தி முடிக்கும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவான். அவனுக்கும் அவசரம் இல்லை, மாட்டுக்கும் இல்லை.

அப்பாவுக்குக் கண் தெரியாது. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே, குழியில் தோலைப் புரட்டும்போது சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் போய்விட்டன. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும் என்பார். அதுவும் எவ்வளவு உண்மையோ. ஆனால் அவர் விரலுக்குத் தெரிந்தது அந்தக் கிடங்கில் வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்து, உண்ணி கடித்த தழும்பு எங்கே, கத்தி பட்ட இடம் எங்கே என்று சொல்லி ரகம் பிரித்துப் போடுவார். அதற்காகவே மேஸ்திரி அவரை வைத்திருந்தார்.

தினமும் காலையில் அப்பா வாசலிலிருந்து இறங்கித் தெரு நடுவுக்குப் போய், வலது பக்கம் திரும்பி நடக்க ஆரம்பிப்பார். வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடித் தெருவில் இரண்டு தடம் பள்ளமாக விழுந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு. அப்பாவின் வெறுங்கால் அந்த மேட்டை விட்டு இறங்காது. அது நேராகக் கிடங்கு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். கோல் கிடையாது, கைபிடிக்க ஆள் கிடையாது. வழியில் கோணி இருந்தால் பெண்கள் குரல் கொடுப்பார்கள். அவர் சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் மேட்டில் ஏறிக்கொள்வார். யாராவது இரக்கப்பட்டுக் கையைப் பிடித்தால் உதறிவிட்டு, “நான் இன்னா கொழந்தையா?” என்பார். தானாகப் போய்த் தானாக வருவது ஒன்றுதான் அப்பாவுக்கு மிச்சமிருந்தது. அது இருக்கும்வரை அவர் கிடங்கில் வேலை செய்கிற ஆள், அது போனால் வெறும் குருடர். இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. இத்தனை வயதுக்கு அப்புறம் நானாகச் சொல்கிறேன்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது கிடங்கு முதலாளி மோட்டார் கார் வாங்கினார். மோட்டார் வருவதற்கு முன்னால் அது வருவதற்குத் தெரு வேண்டும் அல்லவா? சரளைக்கல் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. நான்கு மாடு பூட்டிய கல் உருளை வந்தது. பள்ளத்தை நிரப்பி, மேட்டை வெட்டி, மூன்று நாளில் தெருவை இஸ்திரி போட்டதுபோல் ஆக்கிவிட்டார்கள். நாங்கள் உருளைக்குப் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினோம். எங்கள் தெருவுக்கு வந்த யோகத்தைப் பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வீடு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. சுவரைத் தடவித் தடவி வந்தார். ஒரு கால் முழங்கால்வரை சாக்கடையில் நனைந்திருந்தது. அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். “தெருவு எங்க போச்சு?” என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய தெருவைக் காணோம் என்கிறாரே என்று.

மோட்டாரை ஓட்டி வந்தவர் வேறு யாருமில்லை, அம்மாவின் தம்பி, என் மாமா. தாய் தகப்பன் இல்லாமல் அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. மதராஸுக்கு ஓடிப்போய், யாரோ ஒரு துரை வீட்டு மோட்டாரைத் துடைத்து, பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டு, காக்கிக் கோட்டும் தொப்பியுமாகத் திரும்பி வந்திருந்தார். முதல் நாள் அவர் புளியமரத்தடியில் திரும்பி எங்கள் வாசல் வழியாகப் போனபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராத்திரி மிளகாயும் உப்பும் சுற்றி அவருக்குத் திருஷ்டி கழித்தாள். ஊர்க்கண் பூராவும் அவள் தம்பிமேல்தான் இருந்ததாம்.

மறுநாள் தண்டோரா. “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்” என்று தொடங்கி, மோட்டார் வருகையில் ஜனங்கள் ஓரம் போகவேண்டியது, கோணி, கயிற்றுக்கட்டில், ஆடு, கோழி, குழந்தை ஆகியவற்றைத் தெருவில் விடக்கூடாது என்று அவன் சொல்லி முடித்தான். கோழிக்குப் பிறகுதான் குழந்தை. அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“எந்த ஓரம்?” என்று கேட்டார்.

தண்டோராக்காரன் கொஞ்சம் யோசித்தான். அவனுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. “உனக்கு எது கிட்ட கீதோ அது” என்றான்.

“எது கிட்ட கீதுன்னு தெரிஞ்சா நான் உன்னை ஏன்யா கேக்கறேன்?” என்றார் அப்பா. தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

முதலாளியின் பங்களா பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். ஒரு நாளைக்கு நான்கு தடவை மோட்டார் எங்கள் தெரு வழியாகப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஹாரன் கேட்டதும் பெண்கள் கையிலிருந்த கல்லைப் போட்டுவிட்டு எழுந்து, கோணியின் நான்கு மூலையையும் பிடித்து, சாக்கடையின் மேல் இழுத்துக்கொண்டு போய் நிற்பார்கள். பாதி கடுக்காய் சாக்கடையில் உருளும். புழுதி அடங்கியதும் மறுபடி இழுத்துவந்து போடுவார்கள். போட்டு நிமிர்வதற்குள் மறுபடி ஹாரன். அந்த மாதம் எங்கள் தெருவில் ஒருவராவது ஒரு நாழிகை சேர்ந்தாற்போல உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவில்லை. சண்டைகூடப் பாதியில் நின்றுபோய்விடும்; புழுதி அடங்கிய பிறகு எங்கே விட்டோம் என்று தெரியாமல் இரண்டு பேரும் திணறுவார்கள்.

ஒருநாள் மத்தியானம் அப்பா சாப்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மேடு போன பிறகு அவர் நடை ரொம்பவும் மெதுவாகியிருந்தது. பின்னாலிருந்து ஹாரன். இந்தப் பக்கத்துப் பெண்கள் “இப்படி வா அண்ணே, ஓரம்! ஓரம்!” என்று கத்தினார்கள். அந்தப் பக்கத்துப் பெண்களும் அதையே கத்தினார்கள். எல்லாருக்கும் அவரைத் தங்கள் பக்கம் இழுத்துக் காப்பாற்றிவிட வேண்டுமென்று ஆசை. அப்பா வலது பக்கம் இரண்டு எட்டு வைத்தார், இடது பக்கம் திரும்பினார், மறுபடி வலது பக்கம் திரும்பி எதிர்வீட்டுச் சாக்கடையில் விழுந்தார். மோட்டார் நிற்கவில்லை. பின்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார். மாமா தலையை மட்டும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

சாயங்காலம் மாமா தைலத்தோடு வந்து, அப்பாவின் வீங்கிய கணுக்காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தார். “நான் இன்னா பண்ணுவேன் மாமா, நிறுத்துன்னு அவர் சொல்லாம நிறுத்த முடியாது” என்றார். அக்காள் புருஷன் என்பதால் அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். அப்பா, “வுடு மச்சான், நீ சரியாத்தான் ஓட்டனே” என்றார். அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மேஸ்திரி சொல்லியனுப்பினார். அப்பா இனிமேல் தனியாக வரக்கூடாது, யாராவது கூட்டிக்கொண்டு வந்து விட்டால்தான் உள்ளே விடுவார்களாம். அந்த யாராவது நான்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காலையில் அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போவதற்குள் அங்கே முதல் பாடம் முடிந்திருக்கும். டீச்சர் பெஞ்சின் மேல் நிறுத்துவாள். அப்பா என் கையைப் பிடிக்கமாட்டார். என் தோளில் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு, நான் மெதுவாகப் போனால் தள்ளுவார், வேகமாகப் போனால் திட்டுவார். வீட்டிலும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பார், எழுந்தால் உட்காருவார். வாசற்படிவரை போய் ஒரு காலை வெளியே நீட்டித் தெருவைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். அவர் பக்கத்தில் இருக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடிக்கிற வழியெல்லாம் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மோட்டாரில் ரப்பர் பந்து கிழிந்துபோனதால் கழற்றிப் போட்ட பழைய ஹாரன் ஒன்று இருந்தது. கிழிசலில் ஆட்டுத்தோல் துண்டை வைத்து ஒட்டி, கயிறு கட்டி, என் கழுத்தில் மாட்டிவிட்டார். “இத்த அமுக்கிக்கினே முன்னால போ. ரோட்டுல ஈ காக்கா நிக்காது. உங்கப்பா மோட்டாராட்டம் நடுவுலயே வரட்டும்” என்றார்.

அப்பா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, ஒட்டுப்போட்ட தோல் இரண்டாம் ரகம் என்று சொன்னார். பிறகு ஒருமுறை அமுக்கினார். எருமைக்கன்று கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவர் சிரித்ததைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்ததால் நானும் சிரித்தேன். அம்மா மட்டும், “விளையாட்டுக்கு ஒரு அளவு வேணாமாடா?” என்று தம்பியைக் கடிந்துகொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

முதல் நாள் ஊர்வலத்தை என்னால் மறக்க முடியாது. நான் அமுக்க, பெண்கள் பதறி எழுந்து கோணியை இழுக்க, பார்த்தால் நானும் பின்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு அப்பாவும். எதிர்வீட்டு அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “வழி வுடுங்கடி, இவுங்க மோட்டாரு வருது” என்று அவளே முன்னால் கூவினாள். அத்தனை பேரும் எனக்காக எழுந்து நின்றார்கள். அப்படி ஒரு ருசியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ருசி கண்டவள் சும்மா இருப்பேனா? அப்பா கூட இல்லாதபோதும் அமுக்க ஆரம்பித்தேன். தண்ணீர் எடுக்கப் போகும்போது அமுக்குவேன், கடைக்குப் போகும்போது அமுக்குவேன், போக இடமில்லாதபோது தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி ஓடி அமுக்குவேன். கால் ஒரு இடத்தில் நிற்காது. நான்கு தடவை மோட்டாருக்கு எழுந்த பெண்கள் எனக்கு நாற்பது தடவை எழுந்தார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு என் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். “அமுக்குடி, நல்லா அமுக்கு. பந்து கிழிஞ்சி போவட்டும்” என்று எதிர்வீட்டு அத்தை குனிந்த தலை நிமிராமல் சொல்வாள்.

பத்து நாள் இருக்கும். நானும் அப்பாவும் கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். முதலாளிக்கு அன்று ரயிலடிக்குப் போகும் அவசரம். கிடங்கு வாசலிலிருந்து மோட்டார் எங்களுக்கு நேர் எதிராக வந்தது. மாமா ஹாரன் அடித்தார். நான் என் ஹாரனை அமுக்கினேன். அவர் மறுபடி அடித்தார். நானும் விடவில்லை. பின்னாலிருந்து முதலாளி தலையை நீட்டி, “என்னப்பா இது கூத்து?” என்றார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாக்கடை ஓரம் போய் நின்றேன். மோட்டார் எங்களை உரசிக்கொண்டு போயிற்று. அப்பாவின் முகத்தில் புழுதி அப்பியிருந்தது.

“மோட்டாருக்கு மோட்டாரு வழி வுடாதா?” என்றார். என் தோளிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு வரவில்லை. வேலைக்கே போகவில்லை. கூடத்தில் சுவரிலிருந்து சுவருக்கு நடந்துகொண்டே இருந்தார். அம்மா கெஞ்சினாள், மாமா கெஞ்சினார். சனிக்கிழமை மேஸ்திரியே வீட்டுக்கு வந்து, “எனக்கு மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்பா. திங்கக்கெழம வந்துடு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் அப்பா எங்களுக்கு முன்பே எழுந்து குளித்திருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நான் போறேன்” என்றார். யாரையும் கூப்பிடவில்லை. வாசலில் இறங்கித் தெரு நடுவுக்குப் போய், வலது பக்கம் திரும்பி, சரளையைக் காலால் துழாவித் துழாவி நடக்க ஆரம்பித்தார். நான் ஹாரனை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடப் பார்த்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ ஒக்காரு” என்றாள்.

முதலாளி வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கோணிகள் சுவர் ஓரமாகத்தான் சுருட்டிக் கிடக்கும். அம்மா எங்கள் கோணியை எடுத்துப்போய்த் தெரு நடுவில் விரித்தாள். மூட்டையைக் கவிழ்த்தாள். புளியமரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, என்னை எதிரில் உட்காரவைத்து, என் கையிலும் ஒரு கல்லைக் கொடுத்தாள். எதிர்வீட்டு அத்தை அம்மாவைப் பார்த்தாள். பிறகு கிடங்குப் பக்கம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். தன் கோணியையும் இழுத்து வந்து எங்கள் பக்கத்தில் போட்டாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஆறு கோணி, சுவருக்குச் சுவர். அன்று வெயில் நன்றாக அடித்தது. அதனால்தான் இவ்வளவு சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாரன் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து. புளியமரத்தடியில் மோட்டார் திரும்பி எங்களை நோக்கி வந்தது. அம்மாவின் கல் அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கிக் கடுக்காயை உடைத்தது. மறுபடி ஹாரன். யாரும் தலை நிமிரவில்லை. நான் எழுந்திருக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு வலிக்கும்படி பிடித்தாள். அவள் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. கண் என் முகத்திலேயே இருந்தது, திரும்பவே இல்லை. மோட்டாரின் இரண்டு விளக்கும் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஹாரன் விடாமல் கத்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சரளை பறந்து என் முகத்தில் அடித்தது. பெரிய ஒரு கிறீச்சிடல். அப்புறம் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், அம்மாவின் முதுகுக்கும் மோட்டாரின் மூக்குக்கும் இடையே ஒரு முழம் இடம் இருந்தது. அதன் சூடு என் முகத்தில் வீசியது. உள்ளே மாமா இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா! காது செவுடா உனக்கு? இன்னா பண்றே நீ?” குதித்து இறங்கினார்.

முதலாளியும் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு அத்தை எழுந்து என்னை நோக்கி விரலை நீட்டினாள். “இந்தப் பொண்ணுதான் மொதலாளி. பொழுதுக்கும் ஹாரன அமுக்கி அமுக்கி எங்களைப் பேஜார் பண்ணுது. இதுதான்னு நெனச்சி ஒக்காந்துட்டோம்.”

“ஆமாங்க, இதுதான்னு நெனச்சோம்” என்றார்கள் மற்ற எல்லாரும்.

கழுத்தில் ஹாரனோடு நான் நின்றேன். அத்தனை கண்ணும் என்மேல். என் ஒரு கையில் கல் இருந்தது, இன்னொரு கையை அம்மா பிடித்திருந்தாள். எந்தக் கையால் அமுக்கியிருப்பேன் என்று நான் யோசிக்கவே இல்லை. இத்தனை பெரியவர்கள் சொல்லும்போது அது பொய்யாகவா இருக்கும்? “நான்தான் அமுக்கிட்டேன்” என்று ஓவென்று அழுதேன். அம்மா என் முதுகில் ஒரு அடி வைத்தாள். சத்தம் பெரிதாக வந்ததே தவிர வலிக்கவில்லை.

“இந்த ஹாரன் இதுக்கு எப்படி வந்தது?” என்று கேட்டார் முதலாளி.

“நான்தான் குடுத்தேன் எஜமான்” என்றார் மாமா.

 முதலாளி சிதறிக் கிடந்த கடுக்காயைப் பார்த்தார், சுவருக்குச் சுவர் கிடந்த ஆறு கோணியைப் பார்த்தார், கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோணிகளுக்கு இடையே கால் வைத்து நடந்து போனார். அவர் எங்கள் தெருவில் நடந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. தூரத்தில் அப்பா சத்தத்தைக் கேட்டுத் தெரு நடுவில் அப்படியே நின்றிருந்தார். முதலாளி அவரிடம் போய்ச் சேர்ந்தார். ஏதோ பேசினார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே கிடங்குப் பக்கம் நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை. “அவரு செருப்பு நம்ப தோலு இல்ல, சீமைத் தோலு. நடந்தா கீச்சு கீச்சுங்குது” என்று மட்டும் அன்று ராத்திரி சொல்லிச் சிரித்தார்.

மறுநாளும் கோணிகள் நடுவில்தான் கிடந்தன. அதற்கு மறுநாளும். மோட்டார் புளியமரத்தடியிலேயே நின்றுகொள்ள, முதலாளி அங்கிருந்து நடந்து வரத் தொடங்கினார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டார். நாங்களும் அப்படியே நம்பியதாகக் காட்டிக்கொண்டோம். நடந்து வருகிறவருக்கு நாலு பேர் வணக்கம் சொல்ல, அவரும் நின்று நாலு வார்த்தை கேட்கவேண்டியதாயிற்று. ஒரு மழைக்காலம் முடிந்ததும் மாட்டுவண்டிகள் சரளையை அரைத்துப் பழையபடி தடம் போட்டுவிட்டன. அப்பா தன் மேட்டைக் கண்டுபிடித்துக்கொண்டார். முதலாளியோடு சேர்ந்து உள்ளே போன அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவரை யாரும் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கவில்லை.

மாமாவுக்குத்தான், மோட்டாரை நிறுத்திய அன்றைக்கே, வேலை போயிற்று. குழந்தைக்கு ஹாரனைக் கொடுத்துத் தெருவைக் கெடுத்த டிரைவர் எதற்கு என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பழியை நான் எத்தனை வருஷம் சுமந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பாடம் படிக்கும்போதும், ஜெபம் சொல்லும்போதும், என் கை நான் அறியாமல் எதையாவது அமுக்கிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கோலார் தங்கவயலில் யாரோ வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, அந்த வாரக் கடைசியில் மாமா புறப்பட்டார். மத்தியான ரயில். அதற்கு முன் சாப்பிட வந்தார். காக்கிக் கோட்டு இல்லாமல் சட்டையோடு வந்ததால் சின்னப் பையன்போல இருந்தார். அம்மா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

பாதி சாப்பாட்டில் மாமா கையை நிறுத்தினார். “நான் நிறுத்தாம வந்திருந்தா இன்னாக்கா ஆயிருக்கும்?” என்று கேட்டார்.

அம்மா இன்னொரு களி உருண்டையை எடுத்து வைத்து, அதில் விரலால் குழி செய்து, குழம்பை ஊற்றினாள். “வேற எவனாச்சும் ஓட்டியிருந்தா, கொழந்தைய வெச்சிக்கினு நான் அங்க ஒக்காந்திருப்பனா?” என்றாள்.

 மாமா தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை சாப்பிட்டார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் நின்ற எனக்கோ முதலாளிமேல் கோபம் கோபமாக வந்தது. மாமா அவ்வளவு நன்றாக மோட்டார் ஓட்டுவார் என்று அம்மாவே சொல்கிறாளே, அப்புறம் ஏன் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்?